தாய்லாந்தில் சிறு குழந்தைகளோடு சின்ன வாட்டர் பார்க்: போகலாமா?

நீலாம்பல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வருகிற மே மாதத்தின் இரண்டாம் பாதியில், மூன்றரை வயது மகள், ஏழு வயது மகன், என் மாமியார் ஆகியோரை அழைத்துக்கொண்டு நானும் என் கணவரும் பாங்காக்கில் நான்கு நாளும் சியாங் மாயில் ஐந்து நாளும் தங்குவதாக இருக்கிறோம். பிள்ளைகள் இருவருக்கும் கோயில்களைவிடத் தண்ணீரில்தான் ஆசை. பட்டாயாவில் உள்ள பெரிய நீர்ப் பூங்காக்களின் கட்டணத்தைப் பார்த்தபோது தலை சுற்றியது. ஐந்து பேருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒரே பகலில் எங்கள் பயணச் செலவில் கணிசமான பகுதி கரைந்துவிடும் போலிருக்கிறது. அதிலும் மகளின் உயரத்துக்குப் பெரும்பாலான சறுக்குகளில் அனுமதியே கிடைக்காது.

உள்ளூர் மக்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் சிறிய, மலிவான வாட்டர் பார்க்குகள் அங்கே நிறைய உண்டு என்று உறவினர் ஒருவர் சொன்னார். அவற்றை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது, தண்ணீர் சுத்தமாக இருக்குமா, பாதுகாப்பை நம்பலாமா, புடவை மட்டுமே உடுத்தும், முட்டைகூடச் சாப்பிடாத மாமியாரை அங்கே உட்கார வைக்க முடியுமா என்பவையே என் கேள்விகள். அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய பாங்காக்வாசி (பதில்)

வணக்கம் சகோதரி. வேலை நிமித்தமாக ஆறு ஆண்டுகள் தாய்லாந்தில் இருந்தவன் நான். என் இரண்டு பிள்ளைகளும் தண்ணீர்ப் பயம் தெளிந்தது அத்தகைய பூங்காக்களில்தான். தாய்லாந்து மொழியில் அவற்றுக்குச் 'சுவான் நாம்' என்று பெயர். சுவான் என்றால் தோட்டம், நாம் என்றால் தண்ணீர். (நம் 'நாம்' போலவே காதில் விழும் என்பதால் என் மகள் அதை 'நம்ம தோட்டம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.) ஆங்கிலத்தில் தேடினால் பெரிய பூங்காக்களே முன்னால் வந்து நிற்கும். மொழிபெயர்ப்புச் செயலியில் அந்தச் சொல்லைத் தாய்லாந்து எழுத்தில் பெற்று, அதை வரைபடத்தில் ஒட்டித் தேடிப் பாருங்கள். சியாங் மாயைச் சுற்றியே சிலவற்றைக் காணலாம். அவற்றுள் எதைத் தேர்ந்தாலும், இடத்தின் உரிமையாளர் போட்ட படங்களை விட்டுவிட்டு, அண்மையில் சென்றுவந்த தாய்மார்கள் போட்ட படங்களில் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள்.

எப்படிப்பட்ட இடத்தை எதிர்பார்க்கலாம் என்றால், கணுக்காலும் முழங்காலும் நனையும் ஆழத்தில் ஒரு குளம், அதன் நடுவே தலைக்கு மேல் நிரம்பி நிரம்பிக் கவிழும் பெரிய வாளி, யானை வடிவத்திலோ காளான் வடிவத்திலோ தண்ணீர் பீய்ச்சும் ஒன்றிரண்டு சிற்பங்கள், நான்கைந்து குட்டைச் சறுக்குகள், பெரியவர்களுக்கென்று இடுப்பளவு ஆழத்தில் இன்னொரு குளம், ஓரத்தில் தகரக் கூரையின் கீழே மேசைகள், அவ்வளவுதான். மூன்றரை வயதுக் குழந்தைக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. அந்த வாளி ஒன்றே அவளுக்கு இரண்டு மணி நேரத்துக்குப் போதும். நான் சென்ற இடங்களில் நுழைவுக் கட்டணம் 50 முதல் 200 பாட் (தாய்லாந்து நாணயம்) வரை இருந்தது. ஒரு பாட்டுக்கு ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான கட்டணத்தை வயதை வைத்து முடிவு செய்யாமல், சீட்டு கொடுக்கும் இடத்தில் சுவரில் வரைந்திருக்கும் அளவுகோலில் நிறுத்தி உயரம் பார்த்து முடிவு செய்வதே அங்கே வழக்கம். உங்கள் மகளுக்குக் கட்டணமே இல்லாமலும் போகலாம். சில இடங்களில் உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை இருக்கும். உள்ளூர் விலையைத் தாய்லாந்து எண்களில் எழுதியிருப்பதால் நமக்குப் புரியாது. அதற்காகச் சண்டை போடுவதில் பயனில்லை.

நீங்கள் தேர்ந்திருக்கும் காலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தாய்லாந்துப் பள்ளிகளுக்கு மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை நீண்ட விடுமுறை. பிறகு பள்ளிகள் திறந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு விடுமுறை இருக்கும்போது அந்த ஊர்ப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள் என்பதால், மே கடைசியில் வார நாள் ஒன்றில் சென்றால் குளம் முழுவதும் உங்கள் பிள்ளைகளுக்கே கிடைக்கக்கூடும். ஆனால் அதே காரணத்தால், சில சிறிய பூங்காக்கள் பள்ளி நாட்களில் பூட்டியிருக்கும், அல்லது சனி ஞாயிறு மட்டுமே திறக்கும். எனவே கிளம்பும் முன் விடுதி வரவேற்பில் இருப்பவரைக் கொண்டு ஒரு தொலைபேசி அழைப்பு செய்யச் சொல்லுங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் 30 கிலோமீட்டர் சென்று, காய்ந்த குளத்தையும் உறங்கும் நாயையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

கரையோரத்தான் (பதில்)

மேலே நண்பர் எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் மலிவு என்ற ஒன்றை மட்டும் பார்த்துச் செல்ல வேண்டாம் என்று எச்சரிக்க விரும்புகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வட தாய்லாந்தில் ஒரு சிறிய பூங்காவுக்குக் குடும்பத்தோடு சென்றோம். சீட்டு வாங்கி உள்ளே போன பிறகுதான் பார்த்தேன், இடுப்பளவுத் தண்ணீரில் தரையில் பதித்த டைல்ஸ் கோடுகளே தெரியவில்லை. பிள்ளைகள் அழுதபோதும் திரும்பி வந்துவிட்டோம். கலங்கிய தண்ணீரில் கிருமி பயம் ஒருபுறம் இருக்கட்டும். அடியில் ஒரு குழந்தை கிடந்தால்கூடக் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் என்னை உதறவைத்தது. ஆகையால் சீட்டு வாங்கும் முன் வேலியோரம் நின்று, குளத்தின் அடியில் உள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். குளோரின் வாடை மூக்கைத் துளைத்தால் தண்ணீர் நன்றாகச் சுத்திகரிக்கப்பட்டிருக்கிறது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அந்தக் காட்டமான வாடை, குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து உண்டாகும் குளோரமின்களிலிருந்து வருவது. நல்ல குளத்தில் வாடை மெல்லியதாகவே இருக்கும்.

இரண்டாவது, உயிர்காப்பாளர். பெரிய பூங்காக்களில் சீருடையோடு விசில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குளத்துக்கும் ஓர் ஆள் நிற்பார். சிறிய இடங்களில் சீட்டு கிழிப்பவரே உயிர்காப்பாளர், அவரே ஐஸ்கிரீமும் விற்பார். தாய்லாந்தில் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் உயிரிழப்புக்கு முதன்மையான காரணங்களில் ஒன்றாக நீரில் மூழ்குவதை அந்நாட்டுச் சுகாதாரத் துறையே பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. மூழ்கும் குழந்தை கத்தாது, கையை வீசாது; சத்தமில்லாமல் போய்விடும். பெரியவர்கள் ஐவரில் மூவர் இருந்தாலும், 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று ஒவ்வொருவரும் நினைத்தால் யாரும் பார்க்காமல் போய்விடுவோம். எங்கள் வீட்டில் ஒரு தொப்பியை வைத்துக்கொண்டோம்: தொப்பி யார் தலையில் இருக்கிறதோ அவர் கைபேசியைத் தொடக்கூடாது, குழந்தையிடமிருந்து கை எட்டும் தூரத்தைத் தாண்டக்கூடாது. கைகளில் மாட்டும் காற்றடைத்த பட்டைகளை நம்பாதீர்கள். உயிர்காப்பு ஜாக்கெட் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும் என்றாலும், மூன்றரை வயதுக்கான அளவு அரிது. ஊரிலிருந்தே கொண்டு போங்கள்.

மூன்றாவது, உங்கள் ஏழு வயது மகன். அவனுக்கு அந்த யானைச் சிற்பம் ஒரு மணி நேரத்தில் சலித்துவிடும். பட்டாயா வேண்டாம் என்றால், பாங்காக்கின் கிழக்கு ஓரத்தில் உள்ளூர் மக்கள் 'சுவான் சயாம்' என்று அழைக்கும் பூங்காவைப் பாருங்கள். அது 1980-இல் திறக்கப்பட்டது. அதன் அலைக்குளம் 2009-இல் உலகிலேயே பெரியது என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. பழைய பூங்கா, புதியவற்றின் மினுமினுப்பு கிடையாது. ஆனால் ஒரு தலைமுறை பாங்காக் குடும்பங்கள் கடல் என்று பார்த்ததே அதைத்தான். ஒருநாள் தந்தையும் மகனும் அங்கே போகட்டும். மகளும் மற்றவர்களும் சின்ன இடத்தில் ஆடட்டும். எல்லோரும் எல்லா இடத்துக்கும் போக வேண்டும் என்ற பிடிவாதத்தால்தான் குடும்பப் பயணங்களில் பாதிச் சண்டை வருகிறது.

மூவர்தாய் (பதில்)

உங்கள் மாமியாரைப் பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். என் அம்மாவை இருமுறை இத்தகைய பூங்காக்களுக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். அவர் புடவையில் நிழலில் உட்கார்ந்திருந்தார், எவரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. தாய்லாந்துப் பாட்டிகளும் பாய் விரித்து, பேரன் பேத்திகளின் துண்டுகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக அப்படியேதான் உட்கார்ந்திருப்பார்கள். மொழி தெரியாமலேயே என் அம்மா அவர்களோடு பேசி முடித்துவிட்டார். தண்ணீரில் இறங்காதவர்களுக்கும் சில இடங்களில் சீட்டு உண்டு என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடையைப் பற்றி: பருத்தி டி-சட்டையோடும் ஜீன்சோடும் பல இடங்களில் குளத்தில் இறங்க விடமாட்டார்கள். நூலிழை உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும், சாயம் போகும் என்பதே காரணம். ஒழுக்கம் சம்பந்தப்பட்டது அன்று. தாய்லாந்துப் பெண்கள் பலர் முழுக்கை நீச்சல் சட்டையும் முழங்கால் வரை வரும் கால்சட்டையும் அணிந்தே இறங்குகிறார்கள், எனவே உடலை மூடிக்கொள்ள விரும்பும் நமக்கு அங்கே எந்தச் சங்கடமும் இல்லை. பிள்ளைகளுக்கும் முழுக்கை வாங்குங்கள். பாங்காக் ஏறத்தாழ சென்னையின் அட்சரேகையிலேயே இருக்கிறது. சியாங் மாய் வடக்கே தள்ளி இருப்பதால், மே நடுவில் அங்கே சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நண்பகல் கான்கிரீட் தரையில் என் கடைக்குட்டி வெறுங்காலோடு ஓடிக் குதிகால் கொப்பளித்து, மறுநாள் முழுவதும் இடுப்பிலேயே சுமக்க வேண்டியிருந்தது. திறக்கும் நேரத்துக்கே போய், நண்பகலுக்குள் கிளம்பிவிடுங்கள். மகளுக்கு இன்னும் டயப்பர் பழக்கம் இருந்தால் நீச்சலுக்கான டயப்பர் கட்டாயம். சாதாரண டயப்பர் தண்ணீரைக் குடித்துப் பூசணிக்காய் போல ஊதிவிடும்.

சாப்பாடுதான் உண்மையான சிக்கல். வெளி உணவை உள்ளே விடாத இடங்கள் உண்டு. உள்ளே கிடைப்பது பொரித்த சாசேஜ், கொதிநீர் ஊற்றிய நூடுல்ஸ், 'காவ் பாட்' எனும் வறுத்த சோறு. முட்டை சேர்க்காவிட்டாலும் மீன் சாறு சேர்த்துவிடுவார்கள். சைவத்துக்கு 'மங்சவிரட்' என்று ஒரு சொல் உண்டு. மாமிசத்தை விலக்குதல் என்ற பொருள் தரும் வடசொல்தான் அப்படித் திரிந்திருக்கிறது. ஆனால் அதில் முட்டை வரலாம். உங்கள் மாமியாருக்குப் பொருந்துவது 'ஜே' என்ற சொல். அந்தச் சொல் மஞ்சள் கொடியில் சிவப்பெழுத்தில் தொங்கும் கடைகளில் முட்டை, மீன் சாறு, வெங்காயம், பூண்டு எதுவும் இருக்காது. பூங்காவுக்குள் அப்படிப்பட்ட கடை இருக்குமென்று எதிர்பார்க்க முடியாது என்பதால், வழியில் ஜே கடையில் அவரைச் சாப்பிட வைத்துவிட்டு உள்ளே போவதே நல்லது. அவித்த சோளம் எங்கும் கிடைக்கும். அதற்கு 'காவ் போட்' என்று பெயர். 'காவ் பாட்' என்று சொல்லிவிட்டால் வறுத்த சோறு வந்து நிற்கும், எனக்கு வந்தது.

நீலாம்பல்

மூவருக்கும் நன்றி. தொப்பி யோசனையை என் கணவர் உடனே ஏற்றுக்கொண்டார். முதல் முறை தொப்பி அவர் தலையில்தான் என்று முடிவாகிவிட்டது. மகனைச் சுவான் சயாமுக்கு அனுப்புவதாகவும், சியாங் மாயில் ஒரு வார நாள் காலையை மகளுக்கென்று ஒதுக்குவதாகவும் இருக்கிறோம். இன்னும் இரண்டு ஐயங்கள். மே கடைசியில் அங்கே மழை தொடங்கிவிடும் என்கிறார்களே, பகல் வீணாகுமா? ஊருக்கு வெளியே உள்ள பூங்காவிலிருந்து திரும்பி வர வண்டி கிடைக்குமா?

பழைய பாங்காக்வாசி

மழைக்காலம் மே நடுவில் தொடங்கி அக்டோபர் வரை நீளும்; ஆனால் தொடக்கத்தில் பெரும்பாலும் பிற்பகலில் கறுத்து, ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓயும் மழைதான். முற்பகல் திட்டம் உங்களுக்கு இந்த வகையிலும் பொருந்தும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை சியாங் மாயை மூச்சுத்திணற வைக்கும் புகையையும் அந்த மழையே கழுவிவிடும் என்பதால், மழையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இடி கேட்டால், சுற்றியுள்ளவர்கள் குளித்துக்கொண்டிருந்தாலும் நீங்கள் பிள்ளைகளைக் கரையேற்றிவிடுங்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகும் வரை திரும்ப இறங்க வேண்டாம். சிறிய இடங்களில் இதற்கென விசில் ஊத ஆள் இருக்கமாட்டார்.

வண்டியைப் பொறுத்தவரை, போவதற்குக் கிராப் (கைபேசிச் செயலியில் அழைக்கும் வாடகை வண்டி) உடனே வரும்; திரும்பத்தான் அரைமணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். ஈரத் தலையோடும் பசியோடும் உள்ள குழந்தைக்கு அது மிக நீண்ட அரைமணி. ஐவரும் போவதென்றால் சியாங் மாயின் சிவப்பு நிறச் சொங்தேவ் (பின்னால் எதிரெதிரே இரு வரிசை இருக்கை கொண்ட சிறு வண்டி) ஒன்றைக் காத்திருப்பு நேரத்தோடு சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். தொகையை ஏறும் முன்பே முடிவு செய்து, திரும்பி வந்து இறங்கிய பிறகு முழுப்பணமும் கொடுங்கள். வண்டியின் பின்புறம் திறந்தே இருக்கும், மகளை உள்பக்கமாக உட்கார வையுங்கள். அவசர மருத்துவ ஊர்திக்கு 1669, சுற்றுலாக் காவல் துறைக்கு 1155; இரண்டையும் மாமியாரின் கைபேசியிலும் பதிந்து வையுங்கள், ஏனென்றால் அன்றைக்கு நனையாமல் இருக்கப்போவது அவருடைய கைபேசி ஒன்றுதான்.