வழக்கு பைசலான பிறகும் கடன் அறிக்கையில் "சூட் ஃபைல்டு": அனுபவப் பகிர்வு

தக்கலை

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் போடும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் பலரும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கோர்ட்டு வழக்கு முடிந்து வருஷக்கணக்கில் ஆகியிருக்கும், நாம் வாங்கிய கடன்களின் வரலாற்றைக் காட்டும் கடன் அறிக்கையில் மட்டும் அது உயிரோடு இருக்கும். எனக்கு நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் என்னைப் போல ஊர்ப் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்.

அண்ணன் ரப்பர் ஷீட் வியாபாரத்துக்காக ஒரு வங்கியில் கடன் எடுத்தார். நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். 2011-ல் உச்சத்தில் நின்ற ரப்பர் விலை அப்புறம் சரிந்தது நம் எல்லோருக்கும் தெரியும். தவணை நின்றது. வங்கி பத்மநாபபுரம் கோர்ட்டில் வழக்குப் போட்டு எங்கள் இரண்டு பேர் மேலும் டிக்ரி, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் தீர்ப்பாணை, வாங்கியது. அதை நிறைவேற்றக் கேட்கும் நிறைவேற்று மனு (இ.பி.) வந்ததும் அண்ணன் தன் விளை நிலத்தில் ஒரு பகுதியை விற்று, வட்டியும் கோர்ட்டுச் செலவும் சேர்த்து முழுத் தொகையையும் கட்டினார். 2016-ல் மனு முடிக்கப்பட்டது.

2024-ல் நான் வீட்டுக் கடனுக்குப் போனபோது, என் அறிக்கையில் அந்தக் கணக்கு அப்படியே இருந்தது. ஜாமீன்தாரர் என்று என் பெயர், ஒரு பெரிய பாக்கித் தொகை, "சூட் ஃபைல்டு" (வழக்குப் போடப்பட்டது) என்ற குறிப்பு. ஓரமாகச் சின்ன எழுத்தில் வங்கி கடைசியாகத் தகவல் கொடுத்த தேதி: 2014. எல்லா விளக்கமும் அந்தத் தேதியில்தான் இருந்தது. பணம் கட்டிய பிறகு வங்கி ஒரு தகவலும் அனுப்பவே இல்லை.

நம் நாட்டில் கோர்ட்டு எந்தத் தீர்ப்பையும், இந்த அறிக்கையைத் தயாரிக்கும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்புவதில்லை. 2005-ஆம் ஆண்டுக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டப்படி கடன் கொடுத்த வங்கியோ நிதி நிறுவனமோதான் தகவல் அனுப்ப வேண்டும். வழக்குப் போட்டதைச் சொன்ன அதே வங்கிதான் முடிந்ததையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பழைய வரி அங்கேயே கிடக்கும். ஏழு வருஷத்தில் தானாக அழிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். குறைந்தது ஏழு வருஷம் தகவலை வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. அதற்குப் பிறகு அழித்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை.

அண்ணன் கடன் எடுத்த கிளை இப்போது வேறொரு வங்கியோடு இணைந்துவிட்டது. மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் "பழைய கணக்கு எங்க சிஸ்டத்துல வரல சார்" என்பதைத் தாண்டி அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சரி, கோர்ட்டுக் காகிதத்தை எடுப்போம் என்று நகல் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த ஒரு வயதான குமாஸ்தா சொன்னதுதான் என் வேலையை முடித்துக் கொடுத்தது.

"அண்ணாச்சி, தீர்ப்பு நகலை வாங்கிட்டுப் போகாதீங்க. அதுல நீங்க பணம் தரணும்னுதான் எழுதியிருக்கும். இ.பி.யில கடைசியா போட்ட உத்தரவுக்கு நகல் மனு போடுங்க."

அந்த உத்தரவு ஒரு பக்கம்கூட இல்லை. தொகை முழுவதும் செலுத்தப்பட்டதாகப் பதிவு செய்து மனு முடிக்கப்படுகிறது என்று ஒரு வரி, தேதி, கோர்ட்டு முத்திரை. அந்தச் சான்றிட்ட நகலை இணைத்து வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டேன். கடன் தகவல் நிறுவனத்தின் தளத்திலும் அதே நாளில் திருத்தம் கேட்டேன். இரண்டும் வேண்டும். வங்கி சம்மதிக்காமல் அந்த நிறுவனம் ஒரு எழுத்தைக்கூட மாற்றாது.

முதலில் "தகவல் சரியானதே என்று வங்கி உறுதி செய்துள்ளது" என்று பதில் வந்தது. கோர்ட்டு முத்திரை வைத்த காகிதத்தைப் படிக்காமலே இப்படி எழுத ஒருவருக்கு மனம் வருகிறதே என்று எனக்குக் கொதித்துப் போனது. அதற்குப் பிறகு ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போனேன். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்கள் மீதும் அங்கே புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. முதலில் வங்கியிடம் எழுதிக் கேட்டிருக்க வேண்டும், 30 நாளில் பதில் வராமலோ திருப்தி இல்லாமலோ இருக்க வேண்டும். அங்கே புகார் பதிவான பிறகு வங்கியிலிருந்து அவர்களாகவே எனக்குப் போன் செய்தார்கள். குறிப்பு நீங்கியது.

2024 ஏப்ரல் 26 முதல் நடப்பில் உள்ள இன்னொரு விதியும் தெரிந்திருக்க வேண்டும். திருத்தம் கேட்டு 30 நாளுக்குள் முடிக்காவிட்டால், அதற்குமேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு இழப்பீடு. 21 நாளுக்குள் சரியான தகவலை அனுப்பாத வங்கி கொடுக்க வேண்டும். வங்கி நேரத்துக்கு அனுப்பியும் நிறுவனம் இழுத்தடித்தால் நிறுவனம் கொடுக்க வேண்டும். எனக்கு வந்தது. தொகை சின்னதுதான், ஆனாலும் விடாதீர்கள்.

குளச்சல்

எனக்கு வழக்கே கிடையாது அண்ணே. என் பெயரும் அப்பா பெயரின் முதல் எழுத்தும் கொண்ட வேறொருவர் வாங்கிய படகு இன்ஜின் கடன் என் அறிக்கையில் வந்து உட்கார்ந்துவிட்டது. நம் கடற்கரை ஊர்களில் சேவியரும் அந்தோணியும் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அதிலும் "சூட் ஃபைல்டு" போட்டிருந்தது. கிளையில் போய் நின்றால் என்னையே கடன்காரனாகப் பார்க்கிறார்கள்.

பான் எண்ணும் பிறந்த தேதியும்தான் காப்பாற்றியது. அந்தக் கணக்கின் பான் எண்ணின் கடைசி எழுத்துகள் என்னுடையதோடு பொருந்தவில்லை என்பதை எழுதி, என் பான் அட்டை நகலை வைத்து, "இந்தக் கணக்கு என்னுடையது அல்ல" என்ற வகையில் திருத்தம் கேட்டேன். நீக்கிவிட்டார்கள். ஆனால் இன்னொரு நிறுவனத்தின் அறிக்கையில் அதே கடன் அப்படியே இருந்தது.

தக்கலை

அதைச் சொல்ல விட்டுப்போனது தம்பி. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நாலு இருக்கிறது. நாம் எல்லாவற்றையும் சிபில் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். நாலையும் இறக்கிப் பாருங்கள்.

குழித்துறை

என் மகளுடைய நர்சிங் படிப்புக் கடன் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசமாக முடிந்தது. வங்கி சொன்ன தொகையைக் கட்டினோம், நீதிபதி முன்னால் கையெழுத்துப் போட்டோம். இனி ஒன்றும் இல்லை என்றார்கள். இப்போது அவள் அறிக்கையில் "செட்டில்டு" என்று இருக்கிறது. திருத்தம் கேட்டோம், மறுத்துவிட்டார்கள். கோர்ட்டு முடித்து வைத்த பிறகும் இப்படியா?

தக்கலை

அக்கா, மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன். அது தவறான தகவல் இல்லை. லோக் அதாலத் உத்தரவு சிவில் கோர்ட்டு டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. இனி வங்கி உங்களிடம் பணம் கேட்க முடியாது. ஆனால் வட்டியிலோ அசலிலோ ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்துதான் முடித்திருப்பார்கள். அதைத்தான் "செட்டில்டு" என்று போடுகிறார்கள். முழுதும் கட்டினால்தான் "குளோஸ்டு". கையெழுத்து வாங்கும் முன்னால் இதை எடுத்துச் சொல்ல வேண்டியது வங்கியின் கடமை என்பது என் உறுதியான எண்ணம். படிக்கிற பிள்ளையின் பெயரில் விழுகிற குறிப்பு அல்லவா.

தள்ளுபடி செய்த தொகையைக் கட்டத் தயார் என்று வங்கிக்கு எழுதிக் கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்டால், பாக்கி இல்லை என்ற சான்றும், "குளோஸ்டு" என்று மாற்றி அனுப்புவதாகக் கடிதமும் வாங்கிக்கொண்டு கட்டுங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

நாகர்கோவில்

வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறேன். அடிக்கடி பார்க்கும் ஒன்றைச் சொல்கிறேன். டிக்ரி ஆன பிறகு பலர் நேராக வங்கியில் பணத்தைக் கட்டி ரசீதோடு வந்துவிடுகிறார்கள். கோர்ட்டில் அது பதிவாகாது. சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 21, விதி 2-ன்படி அதைக் கோர்ட்டில் பதிவு செய்ய வேண்டும். பதிவாகாத பணத்தை நிறைவேற்றும் கோர்ட்டு கணக்கில் எடுக்காது. பணம் வாங்கிய வங்கியே தெரிவிக்கக் கடமைப்பட்டது. தெரிவிக்காவிட்டால் நீங்கள் மனு போடலாம், அதற்கு 30 நாள்தான் காலக்கெடு. டிக்ரியை நிறைவேற்றக் கேட்க வங்கிக்கு 12 வருஷம் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

காலக்கெடு தாண்டியவர்கள் வங்கியிடம் பாக்கி இல்லை என்ற சான்றாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கைத் திருத்தத்துக்கு அதுவும் உதவும்.

ஆரல்வாய்மொழி

பணம் கொடுத்தால் எல்லாவற்றையும் அழித்துத் தருகிறேன் என்று ஒருவர் போனில் விடாமல் கூப்பிடுகிறார். போகலாமா? இன்னொன்று, என்னிடம் இ.பி. எண் இல்லை. அப்பா காலத்து வழக்கு எண் மட்டும்தான் இருக்கிறது.

தக்கலை

போகாதீர்கள். அவர் செய்யப்போவதும் தளத்தில் அதே திருத்தம் கேட்பதுதான், அதை நீங்களே காசு இல்லாமல் செய்யலாம். உங்கள் பான் எண்ணையும் ஓடிபியையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

இ.பி. எண்ணுக்கு இ-கோர்ட்ஸ் தளத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தையும் அந்தக் கோர்ட்டையும் தேர்ந்தெடுத்து, வழக்கு எண்ணையோ அப்பா பெயரையோ போட்டுத் தேடுங்கள். பழைய வழக்கு அதில் வராவிட்டால் அசல் வழக்கு எண்ணோடு நகல் பிரிவில் கேளுங்கள். பதிவேட்டைப் பார்த்து எடுத்துத் தருவார்கள்.