மலைக்குளிரில் பைக், மாதக்கணக்கில் நிறுத்திய பைக்: கொழும்பு ஓட்டுநர்கள் சொன்னவை

வெள்ளவத்தையிலிருந்து

தை மாதம் கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குக் கிளம்புகிற பொடியன்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. ஒரு ரீசேட், மேலே மெல்லிய ஜக்கெட், விரல் நுனி வெட்டிய கையுறை. விடியப்புறம் அவிசாவளை தாண்டும்வரை அது காணும். கினிகத்தேனைக்கு மேலே காணாது.

கொழும்பு கடல் மட்டம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும். தையிலும் மாசியிலும் வானம் வெளித்த இரவுகளில் அங்கே புல்லில் உறைபனி படிகிறது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். காற்றைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பத்துப் பாகைக் குளிரில் 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் திறந்திருக்கும் தோலுக்கு அது ஐந்து பாகைக் குளிர். உடுப்பு நனைந்திருந்தால் இன்னும் மோசம். கிதுல்கலையில் மழை பிடிப்பதும், ஈரத்தோடேயே ஹற்றன் ஏறுவதும் அந்த வழியில் வழக்கமான கதை.

தலவாக்கலைக்கு முன்னால் ஒரு தேத்தண்ணிக் கடையில் நின்றோம். என்னோடு வந்த நண்பன் இறங்கியதும் கையைச் சூடாக்கச் சைலென்சர் பக்கம் குனிந்தான். பக்கத்தில் மரக்கறி லொறியை நிறுத்திவிட்டுப் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த சாரதி ஓடிவந்து அவன் கையைப் பிடித்துவிட்டார். "அதுல வைக்காதீங்க தம்பி. வெறச்ச கைக்குச் சூடு தெரியாது. தோலு போனப்புறந்தான் தெரியும்." பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரு பேச்சு கொழறுது, கவனிச்சீங்களா? கொஞ்ச நேரம் ஓட்ட விடாதீங்க" என்றார். நான் அதைக் களைப்பு என்றுதான் நினைத்திருந்தேன். பேச்சுக் குழறுவதும், ஹெல்மட் கொளுவியைக் கழற்ற விரல் வராமல் தடுமாறுவதும் உடம்பின் உள்சூடு இறங்கத் தொடங்கியதன் அடையாளம். நடுக்கம் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது. குளிர் தீராமலே நடுக்கம் நின்றுபோனால் அது ஆபத்து.

அந்த மனிதர் லொறியிலிருந்த பழைய பேப்பரை எடுத்து, மடித்து, அவன் ஜக்கெட்டுக்குள் நெஞ்சை மூடிச் செருகிவிட்டார். ஈரமான உள்சேட்டைக் கழற்றச் சொன்னார். இனிப்புக் கூட்டி இரண்டு தேத்தண்ணி. அரை மணித்தியாலத்துக்கு மேல் அங்கேயே இருந்தோம். அவன் முகத்தில் நிறம் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் லொறியை எடுத்தார். நுவரெலியாவில் எவ்வளவோ பார்த்தோம், எனக்கு அந்த மனிதர்தான் மனதில் நிற்கிறார்.

என் அபிப்பிராயம் இதுதான்: தடித்த ஜக்கெட்டை விடக் காற்றுப் புகாத மேலுறை முக்கியம். மழைக்கோட்டை மழை வரும்வரை பையில் வைத்திருக்காதீர்கள். யட்டியாந்தோட்டையில் வியர்த்தாலும் பரவாயில்லை, கினிகத்தேனையில் நின்று காய்ந்த சேட்டுக்கு மாறி, அதன்மேல் மழைக்கோட்டைப் போடுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து

அண்ணா சொன்னது ஏறுகிற கதை. நான் இறங்கின கதையைச் சொல்கிறேன். என்னிடம் இருப்பது ஸ்கூட்டர். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினோம், நானும் தங்கச்சியும். மூடுபனி. பத்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஹை பீம் போட்டால் வெளிச்சம் முழுக்கப் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. லோ பீம்தான் சரி. வைசர் உள்ளே மூச்சு படிந்து மங்கும்போது ஒரு விரல் அளவு திறந்து வைத்தேன். அதற்கு முதல் நாளே பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டை உள்பக்கம் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்து வைத்திருந்தேன். அது நன்றாக உதவியது. கைக்கு, சமையலறை ரப்பர் கையுறை மேலே சாதாரண கையுறை. பார்க்க எப்படியிருந்தால் என்ன, பிறேக் பிடிக்க விரல் வேலை செய்தது.

பிறேக்தான் அங்கே பெரிய விஷயம். கியர் பைக்கில் இரண்டாம் கியரில் விட்டால் எஞ்சினே வேகத்தைப் பிடித்துக் குறைக்கும். ஸ்கூட்டருக்கு அந்தப் பிடி குறைவு, அதனால் வளைவுக்கு வளைவு பிறேக்தான். ஒரு இடத்தில் கருகின மணம் வந்தது, லிவர் இளகின மாதிரி உள்ளே போனது. உடனே ஓரம் கட்டினேன். தேயிலை மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு அம்மா, "தண்ணி ஊத்தப் பாக்காதம்மா, எங்க வீட்டுக்காரரு பைக்கு அப்படித்தான் வெடிச்சுப் போச்சு" என்றார். பிறேக் டிரம் விரிசல் விட்டதாம். சூட்டோடு தண்ணீர் பட்டால் இரும்பு கோணும், வெடிக்கும் என்று பிறகு மெக்கானிக்கும் சொன்னார். கைவைத்துத் தொடக்கூடிய அளவுக்கு ஆறும்வரை நின்றோம். அந்த இறக்கத்தில் ஸ்கூட்டரில் போகிறவர்கள் பிறேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே போகாதீர்கள். பிடித்து விட்டு, பிடித்து விட்டு இறங்குங்கள். அடிக்கடி நில்லுங்கள்.

தெஹிவளையிலிருந்து

ஒன்றே ஒன்று. மேலே போய் ரயருக்குக் காற்றுக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். குளிரில் காற்று சுருங்கும் என்பது சரி. 28 பிஎஸ்ஐ அடித்த ரயர் இருபது பாகை குறைந்தால் கிட்டத்தட்ட மூன்று பிஎஸ்ஐ இறங்கும். ஆனால் நுவரெலியாவில் வெளிக்காற்றின் அழுத்தமே கொழும்பை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் மானி அதே அளவு கூட்டிக் காட்டும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். நானு ஓயாவில் ரயர்க்கடைப் பொடியன் ஒருவன் என் கண் முன்னாலேயே அளந்து காட்டினான், கொழும்பில் அடித்த அதே அளவு. அங்கே வழுக்குவது பாசியும் ஈர இலையும், குளிர்ந்து இறுகிய ரப்பரும்தான். முதல் சில கிலோமீற்றருக்கு மெதுவாகப் போனால் போதும். காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலக்கிற பாகம்) உள்ள பைக் மேலே கொஞ்சம் திணறினால் அதையும் ஒரு வார இறுதிக்காகத் திருகாதீர்கள். காற்று ஐதாக இருப்பதால் பெற்றோல் கலவை செறிவாகிறது. இறங்கினால் சரியாகிவிடும்.

பம்பலப்பிட்டியிலிருந்து

ஓடுவதைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டீர்கள். ஓடாமல் நிற்பதைப் பற்றி நான் சொல்கிறேன். 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகள் தவிர மற்றவர்களுக்குப் பெற்றோல் இல்லை என்று அறிவித்தார்களே, அப்போது எங்கள் மாடிக்குடியிருப்பின் கீழ்த்தளம் முழுக்கப் பைக்குகள் அசையாமல் நின்றன. கடல் கூப்பிடு தூரம். உப்புக்காற்று.

கனடாவில் ஸ்காபரோவிலிருக்கும் மச்சானிடம் வாட்ஸ்அப்பில் புலம்பினேன். அவன், "நாங்கள் ஒவ்வொரு கார்த்திகையும் செய்யிறதை நீ இப்ப செய்" என்றான். அங்கே கார்த்திகையிலிருந்து சித்திரை வரை பைக் கராஜுக்குள்தான். எஞ்சின் ஒயிலை மாற்றிவிட்டே நிறுத்துவார்கள், பழைய ஒயிலிலுள்ள அமிலமும் ஈரமும் மாதக்கணக்கில் பெயாரிங்கில் இருக்கக்கூடாது என்று. பெற்றோலில் எதனோல் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுக்கும். அதற்குப் பெற்றோல் பழுதாகாமல் காக்கும் மருந்தை ஊற்றி, தாங்கி நிரம்ப அடித்து, அந்தக் கலவை காபரேட்டர்வரை போகும்படி கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்துவார்கள்.

தாங்கி நிரம்ப அடி என்றதும் நான் சிரிக்கவில்லை, அழுகைதான் வந்தது. ஒரு லீற்றருக்குக் கூட வழியில்லை. பாதி வெறுமையான இரும்புத் தாங்கியில் கொழும்பின் ஈரக்காற்று நின்றால் உள்ளே துரு பிடிக்கும் என்று தெரியும். பஞ்சிகாவத்தையில் எனக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் பாஸ் ஒருவர் வழி சொன்னார். இருக்கிற கொஞ்சப் பெற்றோலையும் முழுக்க வடித்துவிடு. தேத்தண்ணிக் கோப்பையில் பாதியளவு புது எஞ்சின் ஒயிலைத் தாங்கிக்குள் ஊற்று. தாங்கியைக் கழற்றி எல்லாப் பக்கமும் சரித்துச் சரித்து உட்சுவரில் ஒயில் படரவிடு. மூடிவை. காபரேட்டர் அடிக்கிண்ணத்தின் ஆணியைத் திறந்து அதிலிருக்கிற கடைசிச் சொட்டையும் எடுத்துவிடு. நிற்கிற பெற்றோல் பிசினாகிச் சின்னத் துளைகளை அடைப்பது அங்கேதான். சொன்னபடியே செய்தேன். ஓகஸ்டில் கியூஆர் எரிபொருள் பங்கீட்டு முறை நாடு முழுக்க வந்து பைக்குக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் கிடைத்தபோது, முதலில் கொஞ்சம் ஊற்றி அலசி வெளியே எடுத்தேன். உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தால் சுவர் பளபளவென்று இருந்தது.

பற்றரியில் கனடாவுக்கும் நமக்கும் கதை நேரெதிர். அங்கே பயம், சார்ஜ் இறங்கிய பற்றரி உறைந்து வெடித்துவிடும் என்பது. இங்கே வெப்பம்தான் எதிரி. பத்துப் பாகை கூடினால் பற்றரி தன்பாட்டில் இறங்கும் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். 12.4 வோல்ட்டுக்குக் கீழே வர விடாமல் இடைக்கிடை சார்ஜ் போடுங்கள்.

கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், கையிருப்புப் பெற்றோலில் தினமும் ஐந்து நிமிடம் பைக்கை ஸ்டார்ட் செய்து வைப்பார். அவ்வளவு பாசம் அந்த வண்டியில். அவரோடு பக்குவமாகப் பேசினேன்: எஞ்சின் முழுச்சூடு ஏறுமுன் நிறுத்தினால், எரிந்ததில் வருகிற நீராவி சைலென்சருக்குள்ளும் ஒயிலிலும் தண்ணீராக நின்றுவிடும், பற்றரியும் ஸ்டார்ட் செய்யச் செலவழித்த சார்ஜைத் திரும்பப் பெறாது. ஒன்றில் அரை மணித்தியாலம் நன்றாக ஓட்டுங்கள், இல்லாவிட்டால் தொடாமல் விடுங்கள் ஐயா என்றேன். அன்றோடு நிறுத்தி, நான் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தன் பைக்குக்கும் செய்தார்.

பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே வியர்க்கும். பருத்தித் துணி போர்த்துங்கள். செயினுக்கு ஒயில் தாராளமாக. சைலென்சர் வாயைப் பொலித்தீனால் கட்டுங்கள், எலி போகும். கட்டியதை மறக்காமலிருக்க மீற்றரில் சிவப்புத் துணி முடியுங்கள்.

மட்டக்குளியிலிருந்து

வேலைக்குக் கட்டார் போகிறேன், இரண்டு வருட ஒப்பந்தம். மேலே சொன்னதெல்லாம் அவ்வளவு காலத்துக்குக் காணுமா?

பம்பலப்பிட்டியிலிருந்து

தம்பி, தாங்கிக்கும் காபரேட்டருக்கும் காணும். பற்றரியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், இரண்டு வருடம் தாங்காது. நடு ஸ்டாண்டில் ஏற்றி, முன் சில்லும் நிலத்தில் படாமல் கட்டை வையுங்கள். திரும்பி வந்ததும் முதலில் பிறேக் திரவத்தை மாற்றுங்கள், அது ஈரத்தை உறிஞ்சியிருக்கும். ரயர் பூ எவ்வளவு இருந்தாலும் பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பழசாக இருந்து பக்கத்தில் வெடிப்பும் தெரிந்தால் அதில் ஓடவேண்டாம். வருமான அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதியையும் புதுப்பித்த பிறகே வீதிக்கு எடுங்கள். நல்லபடியாகப் போய் வாருங்கள்.