பெரிய வீட்டுக் குடும்பம்

சேகர் சித்தப்பா: நேற்று ராத்திரி மழையில் பெரிய வீட்டுப் பின்கட்டுச் சுவர் விழுந்துவிட்டது. மாட்டுக்கொட்டகைப் பக்கம். யாருக்கும் அடி இல்லை.

மல்லிகா அத்தை: ஐயோ. பத்தாயம்?

சேகர் சித்தப்பா: அதற்கு ஒன்றும் இல்லை அக்கா. உள்ளே எலிதான் இருக்கிறது.

செந்தில்: 🙏

சேகர் சித்தப்பா: இன்னொரு விஷயம். காரைக்குடியிலிருந்து பழைய சாமான் வாங்குகிறவர் காலையிலேயே வந்து நிற்கிறார். யார் தகவல் சொன்னார்களோ. கூடத்துத் தூண் நாலும் நிலைக்கதவும் வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லச் சொல்கிறார்.

செந்தில்: எவ்வளவு தருவாராம்?

மல்லிகா அத்தை: விலையா கேட்கிறாய்? தூணை எடுத்துவிட்டால் கூரையை நீ வந்து பிடித்துக்கொள்வாயா?

கவிதா: கொடுக்க வேண்டாம் சித்தப்பா. சரபோஜி ராஜா காலத்து வீடு, 200 வருஷம். தங்கும் விடுதியாக மாற்றினால் வெளியூர்க்காரர்கள் வருவார்கள்.

பெரியப்பா: கவிதா, 200 வருஷம் என்பது உன் சம்பந்தி வீட்டாரிடம் சேகர் அளந்துவிட்டது. சரபோஜி காலத்தில் நம் ஊர் ஏரியையும் மழையையும் நம்பிக் கிடந்த பூமி. மேட்டூர் அணையோடு சேர்த்து வெட்டிய கல்லணைக் கால்வாய் 1934-இல் வந்த பிறகுதான் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் காவிரித் தண்ணீர் பாய்ந்தது. அதனால்தான் அதற்குப் புது ஆறு என்று பெயர். தண்ணீர் வந்து, நெல் விளைந்து, அந்தக் காசில் எழும்பிய வீடு இது. தூண்கள் பர்மா தேக்கு. 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் அந்த மரம் வருவது நின்றுபோனது. மாடியில் போய்ப் பார், தேக்கே இருக்காது, எல்லாம் செங்கல் கால். கீழே கட்டி முடித்து மாடிக்குப் போகும்போது மரம் கிடைக்கவில்லை. ஆக, வீட்டுக்கு வயது

கவிதா: அப்பா, சுருக்கமா.

பெரியப்பா: 90-க்குள். சுருக்கிவிட்டேன்.

தயாளன் மாமா: (பலமுறை பகிரப்பட்டது) வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீர் குடித்தால்...

செந்தில்: மாடியைப் பார்க்கலாம் என்றால் சாவி யாரிடம் இருக்கிறது?

மல்லிகா அத்தை: ஊஞ்சல் யார் வீட்டில் ஆடுகிறதோ அங்கே கேள்.

சரோஜா சித்தி: ஊஞ்சல் மாமா உயிரோடு இருக்கும்போது அவராகவே கொடுத்தது அண்ணி.

மல்லிகா அத்தை: பலகையைக் கொடுத்தார். பித்தளைச் சங்கிலியையுமா?

சேகர் சித்தப்பா: தூணைப் பற்றிப் பேசுங்கள். ஆள் வாசலில் நிற்கிறார்.

கார்த்தி: இவ்வளவு பெரிய வீடு கட்டும் அளவுக்கு இருந்த நிலம் எங்கே போனது? இப்போது தென்னந்தோப்பு மட்டும்தானே.

சேகர் சித்தப்பா: தம்பி, ஏன்டா அவரைக் கிளப்பிவிடுகிறாய்.

பெரியப்பா: நல்ல கேள்வி. 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், அதாவது நிலத்தின் தரத்தை வைத்துப் போடும் ஏக்கர் கணக்கு. 1970-இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். பெண்கள் பேரில் ஸ்திரீதனமாக இருந்தால் 10 வரை தனிக் கணக்கு. அதைப் பார்த்து அப்பாவும் கொஞ்சம் எழுதி வைத்தார்.

மல்லிகா அத்தை: யார் பேரில் என்றும் சொல்லுங்கள் அண்ணே. எனக்குக் கொடுக்கவா எழுதினார்? சர்க்காருக்குக் கொடுக்காமல் இருக்க எழுதினார். கல்யாணத்துக்குப் பந்தல்கால் நடுவதற்கு முன்னால் கையெழுத்தும் வாங்கியாச்சு.

பெரியப்பா: அது அந்தக் காலம் மல்லிகா.

மல்லிகா அத்தை: சரி. வீடு எந்தக் காலம்?

கார்த்தி: வீடு பாகம் பிரிக்காமல் பொதுவில்தானே இருக்கிறது? பூர்வீகச் சொத்து என்றால் அத்தைக்கும் சம பங்கு. 1989 தமிழ்நாட்டுச் சட்டம் அதற்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. மகளின் அப்பா அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினை இருந்தால்தான் கதை வேறு.

சேகர் சித்தப்பா: வக்கீல் ஐயா வந்துவிட்டார். ஃபீஸ் யார் தருவது?

மல்லிகா அத்தை: நான் தருகிறேன். கார்த்தி, சாயங்காலம் போன் பண்ணு.

சரோஜா சித்தி: சுவர் விழுந்த அன்றைக்கே இந்தப் பேச்சு வேண்டுமா?

செந்தில்: தேங்காய் இப்போது என்ன விலை போகிறது சித்தப்பா?

சேகர் சித்தப்பா: விலை இருக்கிறது, காய்தான் இல்லை. கஜா புயலில் விழுந்தது போக மிச்சம் எத்தனை மரம் என்று உனக்கே தெரியும். 2018-க்குப் பிறகு வைத்த கன்று இப்போதுதான் பாளை விடுகிறது. அப்புறம், பின்னால் குடியிருப்பவர்கள் விழுந்த செங்கலைக் கேட்கிறார்கள்.

மல்லிகா அத்தை: கொடுத்துவிடு. அவர்கள் பாட்டன் பூட்டன் சுமந்த செங்கல்தானே.

பெரியப்பா: சரியாகச் சொன்னாய். அந்தப் பின்கட்டு வழியாகத்தான் பண்ணையாட்கள் கூலி நெல் வாங்க வருவார்கள். முன்வாசலுக்கு வரக் கூடாது. 1952-இல் ராஜாஜி ஆட்சியில் தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்தபோது ஆளை வெளியேற்ற முடியாது என்று ஆனதும் அப்பா ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம். அப்பாயிதான் சொல்லும்.

கவிதா: இதை விடுதிக்கு வருகிறவர்களிடம் சொல்வோமா, அரண்மனைக் கதையா?

பெரியப்பா: இதைத்தான் சொல்ல வேண்டும்.

சேகர் சித்தப்பா: விடுதி இருக்கட்டும். காரைக்குடிக்காரருக்கு என்ன பதில்?

பெரியப்பா: பொங்கலுக்கு எல்லோரும் வருவோம். உட்கார்ந்து பேசலாம்.

சேகர் சித்தப்பா: அதுவரை பின்பக்கம் திறந்தே கிடக்குமா? மழை விடவில்லை.

செந்தில்: தார்ப்பாய் போடுங்கள். பணம் ஜிபேயில் அனுப்புகிறேன்.

சேகர் சித்தப்பா: போன தடவை ஓடு மாற்றவும் அனுப்புகிறேன் என்றாய்.

கவிதா: தூண் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நிலைக்கதவை மட்டும்

மல்லிகா அத்தை: நிலைக்கதவில் கை வைத்தால் நாளைக்கே பஸ் ஏறி வந்துவிடுவேன்.

சேகர் சித்தப்பா: வாங்க அக்கா. வரும் வழியில் தஞ்சாவூரில் இறங்கி மாடிச் சாவியையும் வாங்கி வாங்க.

சரோஜா சித்தி: சாவி என்னிடம் இல்லை.