மூவார் சண்டைல அழிஞ்ச 45வது இந்தியன் பிரிகேட் - விவரம் தெரிஞ்சவங்க உதவுங்க
வணக்கம் மக்களே, நான் மலேசியா ஜொகூர்ல பத்து பஹாட் பக்கம். பாரிட் சூலோங் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் இந்த விஷயம்தான் மனசுல ஓடுது.

ரெண்டாம் உலகப் போர்ல, 1942 ஜனவரி ஆரம்பத்துல சிங்கப்பூர் வந்து இறங்கின பிரிட்டிஷ் இந்தியப் படை பிரிகேட், ராஜ்புதானா ரைபிள்ஸ், கர்வால், ஜாட்னு மூணு பட்டாலியன், நிறைய பேர் புதுசா சேர்ந்த சின்னப் பசங்க, மிடில் ஈஸ்ட்டுக்குன்னு ட்ரெய்னிங் குடுத்துட்டு இங்க மலாயா ரப்பர் தோட்டத்துல கொண்டாந்து விட்டுட்டாங்க. ஜொகூர் மூவார்ல ஜப்பானோட இம்பீரியல் கார்ட்ஸ் படை மோதினதும் ஒரே வாரத்துல பிரிகேடே காலி, பிரிகேடியர் டங்கனும் போயிட்டார். மிச்சப் படைய நடத்தின ஆஸ்திரேலியர் ஆண்டர்சனுக்கு விக்டோரியா கிராஸ் (பிரிட்டிஷ் படைகளோட உச்ச வீர விருது) கிடைச்சுது, அவர் தகுதியானவர்தான், ஆனா நம்ம பசங்களுக்கு எங்க பாத்தாலும் ஒரு வரிதான் (கடுப்பா இருக்கு).

ஜனவரி 22ம் தேதி பாரிட் சூலோங் பாலத்துக்கிட்ட விட்டுட்டுப் போன காயம்பட்டவங்கள ஜப்பான்காரன் கொன்னதுல ஆஸ்திரேலியர்களோட இந்தியர்களும் இருந்தாங்க. அவங்க பேர் வேணும். சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவர்ல ஆயிரக்கணக்குல பேர் இருக்கு, யார் மூவார்ல செத்தாங்கன்னு எப்படிப் பிரிக்கிறது? பட்டாலியன் வார் டைரி (போர்க்கால தினசரிப் பதிவு) எங்கயாவது பாத்திருக்கீங்களா? லான்ஸ்டவுன் கர்வால் ரெஜிமெண்ட் சென்டர்ல, இல்ல பரேலி ஜாட் சென்டர்ல யாருக்காவது ஆள் தெரியுமா? இந்தில லெட்டர் எழுதித் தரவும் ஒருத்தர் வேணும், எனக்கு இந்தி சுத்தமா வராது.