முதன்முறையாக வகுப்புக்குள் போகிறவர்களுக்கு, மும்பையிலிருந்து

தாராவி, கணித ஆசிரியை:

ஜூன் நடுவில் பள்ளிகள் திறக்கின்றன. மும்பைத் தமிழ் ஆசிரியர்களாகிய நம்மில் சிலர் பி.எட். முடித்த கையோடு முதன்முறையாக வகுப்புக்குள் போகிறார்கள். அவர்களுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். பயிற்சிக் கல்லூரியில் இல்லாமல், பிள்ளைகளிடமிருந்து நீங்கள் கற்றது எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

நான் கற்றது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனிடம். பெற்றோர் திருநெல்வேலிப் பக்கம். வீட்டில் இட்லி வியாபாரம். விடுமுறை நாள்களில் அண்ணனோடு சேர்ந்து விற்கப் போவான். வகுப்பில் தசமப் பெருக்கல் வந்துவிட்டால் பேனாவை மூடி வைத்துவிடுவான். 12.50-ஐ 6-ஆல் பெருக்கச் சொன்னால் தாள் வெறுமையாகவே இருக்கும். ஒருநாள் இடைவேளையில் அதே கணக்கை வேறு விதமாகக் கேட்டேன். "தட்டு பன்னிரண்டரை ரூபாய். ஆறு தட்டுக்கு எவ்வளவு வாங்குவாய்?"

"எழுபத்தைந்து, டீச்சர்."

எப்படி வந்தது என்று கேட்டேன். "இரண்டு தட்டு இருபத்தைந்து. மூன்று இருபத்தைந்து எழுபத்தைந்து." அவ்வளவுதான். மூன்று எண்களைப் பெருக்கும்போது எந்த இரண்டை முதலில் சேர்த்துப் பெருக்கினாலும் விடை மாறாது என்பதைப் பாடநூலில் சேர்ப்புப் பண்பு என்று ஒரு பக்கம் முழுக்க விளக்குகிறோமே, அதை அவன் தெருவில் நின்று பழகியிருக்கிறான். அதே வகுப்பில் இன்னொரு சிறுமியின் வீட்டில் பைகளுக்கு ஜிப் பொருத்துகிறார்கள். அங்கே எல்லாமே டஜனிலும் குரோஸிலும்தான். ஐந்து குரோஸ் எத்தனை என்று கேட்டேன். பத்து குரோஸ் 1440, அதில் பாதி 720 என்றாள். பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ் என்பதை நம்மில் பலர் நூலில் படித்து மறந்துவிட்டோம். அவள் தினமும் அதை எண்ணிக் கட்டுகிறாள்.

இது தாராவிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய விஷயமில்லை. 2025-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு, கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றியது. வியாபாரக் கணக்கை மனத்திலேயே சரியாகப் போடும் பிள்ளைகள், அதையே பள்ளிக் கணக்காகக் கொடுத்தால் தடுமாறினார்கள். பள்ளிக் கணக்கில் தேறிய பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். நம் மான்கூர்டில் இருக்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையமும், வீட்டுத் தொழிலில் ஈடுபடும் மும்பைப் பிள்ளைகளின் கணித அறிவை ஆராய்ந்திருக்கிறது. இரண்டு கரையும் தாமாக ஒன்று சேர்வதில்லை. சேர்க்க வேண்டியது ஆசிரியர். புதியவர்கள் இதை முதல் ஆண்டிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. காசை வைத்துத் தசமம் சொல்லிக்கொடுப்பது நல்ல தொடக்கம், ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. காசில் பழகிய பிள்ளை 12.5 என்பதைப் பன்னிரண்டு ரூபாய் ஐந்து பைசா என்று படிக்கும். 3.125 எழுதினால் திகைக்கும், ஏனென்றால் மூன்று இலக்கத்தில் பைசா கிடையாது. நான் அடுத்து தையற்கடை அளவு நாடாவுக்குப் போவேன். மீட்டர், சென்டிமீட்டர், மில்லிமீட்டர் என்று இறங்கினால் மூன்றாவது இலக்கம் கைக்கு அகப்படும். தாராவியில் அளவு நாடா இல்லாத தெரு ஏது?

செம்பூர், ஆங்கிலவழித் தனியார் பள்ளி:

அக்கா எழுதியதைத் தொடர்கிறேன். "எப்படி வந்தது?" என்று கேட்டுவிட்டு நீங்கள் காத்திருந்தீர்கள். அந்தக் காத்திருப்பைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறை உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், பிறகு அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறார்கள் அல்லது தாங்களே விடை சொல்லிவிடுகிறார்கள். மூன்று விநாடி பொறுத்தால் விடைகள் நீள்கின்றன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள் என்று அவர் கண்டார்.

எங்கள் வகுப்பில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இடஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம். கேள்வியைப் புரிந்துகொண்டு, விடையைக் கண்டுபிடித்து, அதை ஆங்கிலத்தில் ஆக்கி முடிப்பதற்குள் முன்வரிசைப் பிள்ளை கையை உயர்த்தியிருக்கும். எனவே யாரும் கை தூக்க வேண்டாம், முதலில் எல்லோரும் ஒரு வரி எழுதுங்கள் என்று மாற்றினேன். எந்த மொழியில் எழுதினாலும் சரி என்றும் சொன்னேன். நான்காவது வரிசையில் எப்போதும் தலைகுனிந்தே இருந்த ஒரு சிறுமி, ஒளிச்சேர்க்கையைப் பற்றித் தமிழில் எழுதியது அன்றைய வகுப்பிலேயே சிறந்த விடை.

சயான் கோலிவாடா, ஓய்வுபெற்ற மாநகராட்சித் தமிழாசிரியர்:

பிள்ளைகளே, படித்து மனம் நிறைந்தது. நான் பெற்றோரைப் பற்றி எழுதுகிறேன்.

"அடித்துத் திருத்துங்கள் ஐயா, தோலை உரித்தாலும் கேட்க மாட்டேன்" என்று கைகூப்பிச் சொல்லும் தகப்பன் உங்களிடமும் வருவார். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 2010 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தகப்பன் அனுமதித்தாலும் நமக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் அவரிடம் சட்டம் பேசாதீர்கள். அவர் கேட்பது பிரம்பை அல்ல. தன் பிள்ளையைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று தமக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறார். "உங்கள் மகன் இந்த வாரம் இதைச் செய்தான்" என்று நல்லதாக ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள். அப்படிச் சொல்வதற்கு நீங்கள் அதைக் கவனித்திருக்க வேண்டும், கடினம் அதில்தான்.

பெற்றோர் கூட்டத்துக்கு வரவில்லை என்பதால் அக்கறை இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பகல் பதினொன்றுக்குக் கூட்டம் வைத்தால், நான்கு வீடுகளில் வேலை பார்க்கும் தாய் எப்படி வருவாள்? நான் மாலையில் 90 அடிச் சாலை வழியாக நடந்து போவேன். பாதிப் பேரை அங்கேயே பார்த்துவிடலாம்.

முலுண்ட், இந்த ஆண்டு பணியில் சேர்பவர்:

எல்லோருக்கும் நன்றி. எனக்கு ஆறாம், ஏழாம் வகுப்புகள் கிடைத்திருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன தெரியும் என்று கண்டுபிடிக்கப் போனால் பாடத்திட்டம் நின்றுவிடாதா? இன்னொன்று, என் மராத்தி மிகவும் மோசம். சுற்றறிக்கைகளை நினைத்தாலே கலக்கமாக இருக்கிறது.

தாராவி, கணித ஆசிரியை:

தங்கச்சி, எல்லோரையும் ஒரே வாரத்தில் அறிய முடியாது, அறியவும் வேண்டாம். ஒவ்வொரு அலகுக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். விடையோடு, அது எப்படி வந்தது என்பதையும் இரண்டு வரியில் கேளுங்கள். மதிப்பெண் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போய் மூன்று கட்டாகப் பிரியுங்கள்: விடையும் வழியும் சரி, வழி சரி விடை தவறு, வழியே தெரியவில்லை. நடுக் கட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வகுப்பு போதும். மூன்றாவது கட்டுக்குத்தான் உங்கள் நேரம் தேவை. முதல் கட்டுப் பிள்ளைகளுக்கு அதே பாடத்தை முழுதாக மறுபடி நடத்தாமல் இருந்தாலே பாடத்திட்டத்துக்குத் தேவையான நாள்கள் மீளும்.

சயான் கோலிவாடா, ஓய்வுபெற்ற மாநகராட்சித் தமிழாசிரியர்:

மராத்திக்கு நான் பதில் சொல்கிறேன். மகாராஷ்டிரத்தில் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயப் பாடம், 2020-இல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. மும்பை மாநகராட்சியோ எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. எனவே உங்கள் நிலையில் இருப்பவர்கள் ஏராளம், கூச்சம் வேண்டாம். சுற்றறிக்கையில் வருகைப்பதிவு, தேர்வு, விடுமுறை, தேர்தல் பணி என்று திரும்பத் திரும்ப வருவது ஒரு சிறு சொல் தொகுதிதான். பழைய சுற்றறிக்கைகளை அலுவலக எழுத்தரிடம் கேட்டு வாங்கிச் சத்தமாகப் படியுங்கள். பேச்சு மராத்திக்கு உங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைவிட நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார்கள். மதிய உணவு நேரத்தில் ஐந்து நிமிடம் அவர்களிடம் கேளுங்கள். உங்கள் முதல் சுற்றறிக்கை வந்ததும் புரியாத வரியை இங்கே எழுதுங்கள், விளக்குகிறேன்.