பொருள்: வளர்ச்சிக் காரணியா, வளர்தூண்டியா? (வெள்ளிக்குள் வேண்டும்)

நண்பர்களுக்கு வணக்கம்.

இயன்முறை மருத்துவ மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தசைக்காயம் பற்றிய அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் இரண்டு நாளாக நகர மாட்டேன் என்கிறது. என் வரைவு இது:

"தசையிழை கிழிந்ததும், அதைச் சுற்றியுள்ள சவ்வில் முடங்கிக் கிடந்த வளர்ச்சிக் காரணிகள் விடுபட்டு, இழையின் ஓரத்தில் உறங்கும் துணைக்கோள் உயிரணுக்களை எழுப்புகின்றன."

'குரோத் ஃபேக்டர்' என்பதைத்தான் வளர்ச்சிக் காரணி என்கிறேன். காரணி என்றதும் மாணவருக்கு 12இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12 என்றுதான் ஓடுகிறது. இது ஒரு புரதம் என்று தோன்றவே இல்லை. 'சாட்டிலைட் செல்' என்பதற்குத் துணைக்கோள் என்றால் நேராக ஸ்ரீஹரிகோட்டா. கைகொடுங்கள்.
— கோ.

*

கோ. அவர்களுக்கு,

காரணி வடசொல். அதை முதலில் கழியுங்கள். 'ஏது' என்று நல்ல சொல் இருக்கிறது: வளர்ச்சி ஏது. இல்லையென்றால் மூலத்துக்கே போவோம். 'ஃபேக்டர்' என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேருக்குச் 'செய்' என்று பொருள். செய்வது செயலி. ஆகவே வளர்ச்சிச் செயலி.
— செ.

*

ஐயா, 'ஏது'வும் வடமொழி 'ஹேது'தான். ஒன்றை வெளியே அனுப்பிவிட்டு அதன் அண்ணனை உள்ளே அழைக்கிறீர்கள். வளர்ச்சிச் செயலி என்று அச்சிட்டால் பிள்ளைகள் கைபேசியில் தரவிறக்கப் பார்ப்பார்கள்.

வினையூக்கி நிலைத்துவிட்ட சொல். அதே வழியில் வளர்ச்சியூக்கி என்றால் என்ன குறை?
— மு.

*

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

எங்கட பாடநூல்களில் 'வளர்ச்சிக் காரணி'தான். உயிரணு என்று எழுதமாட்டோம், கலம். எலும்புத்தசையும் எங்களுக்கு வன்கூட்டுத்தசை. ஊக்கி என்றால் எனக்கு ஊக்கமருந்துதான் ஞாபகம் வருது. அது முற்றிலும் பிழையான ஞாபகமும் இல்லை. ஐஜிஎஃப்-1 போன்ற வளர்ச்சிக் காரணிகள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. அதனாலேயே மாணவர் குழம்புவர்.
— த.

*

சொல்லை விட்டுக் கொஞ்சம் பொருளைப் பார்ப்போமா? நான் ஆய்வுக்கூடத்துக்காரி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் புரதங்கள் எல்லாம் ஒரே வேலை செய்பவை அல்ல. ஹெச்ஜிஎஃப் உறங்கும் உயிரணுவை எழுப்புகிறது (முதலில் கல்லீரல் ஆய்வில் கண்டதால் பெயரில் இன்னும் கல்லீரல் ஒட்டிக்கொண்டிருக்கிறது). எஃப்ஜிஎஃப்-2 அதைப் பெருக்குகிறது. ஐஜிஎஃப்-1 பெருக்கவும் செய்யும், பெருகியவற்றைத் தசையாக முதிரவும் வைக்கும். டிஜிஎஃப்-பீட்டாவின் பெயரிலும் 'வளர்ச்சி' இருக்கிறது. ஆனால் தசைக்காயத்தில் அது அளவு மீறினால் தசைக்குப் பதில் வடுத்திசுதான் வளரும். அதே குடும்பத்து மயோஸ்டாட்டின் தசை வளர்ச்சிக்குக் கடிவாளம். அது பழுதான பெல்ஜிய நீல மாடுகளைப் பார்த்திருப்பீர்கள், மல்யுத்த வீரன் மாதிரி நிற்கும்.

இதையெல்லாம் ஊக்கி என்றால் பொய். இன்னொன்று: எலிகளின் காயத்தில் ஐஜிஎஃப்-1 ஊசி போட்டபோது தசை நன்றாக மீண்டது. ஆனால் புரதம் காயத்தில் நெடுநேரம் தங்காது, திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது. 'ஊக்கி' என்று படித்த நோயாளி நாளைக்கே ஊசி கேட்பார். நிறமில்லாத 'காரணி'தான் எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது.
— வி.

*

அம்மா சொன்னது சரி. அப்புறம், துணைக்கோளை யாரும் தொடவில்லையே? 1961இல் அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து இட்ட பெயர் அது. முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்து நாலே வருடம். ஆனால் இலத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பொருள், பக்கத்திலேயே நிற்கும் ஏவலாள். அகத்திணையில் தலைவன் பக்கத்தில் நிற்பவன் யார்? பாங்கன்! ஆகவே பாங்குயிரணு.

அது சும்மா உறங்குவதும் இல்லை. ஊக்கமுடையான் ஒடுக்கத்துக்கு வள்ளுவர் தாக்கப் பின்வாங்கும் ஆட்டுக்கடாவைச் சொல்கிறாரே (486), அந்த ஒடுக்கம். 'உறங்கும்' என்பதை 'ஒடுங்கியிருக்கும்' என்று மாற்றுங்கள்.
— செ.

*

ஒடுக்கம் அருமை. பாங்கு என்றால் எங்கள் ஊரில் பணம் போடுகிற இடம்.
— மு.

*

எல்லோருக்கும் நன்றி. இன்றே வியாழன். 'வளர்ச்சிக் காரணி' இருக்கட்டும், முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'வளர்ச்சிக் காரணிப் புரதங்கள்' என்று போடுகிறேன். 'ஒடுங்கியிருக்கும்' எடுத்துக்கொண்டேன். துணைக்கோளை 'துணை உயிரணு' என்று சுருக்கிவிட்டேன், கோள் போனால் போகட்டும்.
— கோ.

*

துணை உயிரணு வேறு பல திசுக்களிலும் உண்டே. தாவரப் பாடத்தில் சல்லடைக் குழாய்க்குப் பக்கத்தில் இருப்பது துணைக்கலம்தான். குழப்பம் வரும்.
— த.

*

'வளர்தூண்டி' என்பதை யாருமே பரிசீலிக்கவில்லை என்பதைப் பதிவுசெய்கிறேன். தலைப்பில் மட்டும் இருக்கிறது. 'தூண்டு' தூய தமிழ். தூண்டில், தூண்டுகோல் எல்லாம் அதன் வழிதான். விரிவாக நாளை எழுதுகிறேன்.
— செ.