மறு: இன்ஸ்டன்ட் சென்டருக்கு என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

டிராக் ரேஸ் (நேர்கோட்டில் குறுந்தூரம் ஓடும் பந்தயம்) கார்களின் பின் சஸ்பென்ஷன் பாடத்தை நாளை மாணவர்களிடம் கொடுத்தாக வேண்டும். ஸ்குவாட்டுக்கு (புறப்படும்போது காரின் பின்பக்கம் தாழ்வது) குந்தல், லேடர் பாருக்கு (பின் அச்சைச் சட்டகத்தோடு இணைக்கும் ஏணி வடிவத் தண்டு) ஏணித்தண்டு என்று முடிவாகிவிட்டது. ஃபோர் லிங்குக்கு (அதே வேலைக்கு நான்கு தனித்தண்டுகள்) 'நாற்றண்டு' இலக்கணப்படி சரிதான். ஆனால் படிக்கிறவர் கண்ணில் நாற்றம்தான் படும். நான்கு தண்டு என்று பிரித்தே எழுதுகிறேன். பாக்கி இன்ஸ்டன்ட் சென்டர்தான்: அந்தக் கணத்தில் பின் அச்சு எந்தப் புள்ளியைச் சுற்றி அசைகிறதோ அந்தப் புள்ளி. அதற்கு நீங்கள் சொன்ன பெயர்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> கணமையம் போதும். சுருக்கமாக இருக்கிறது.

ஐயா, இதே பாடத்தில் எடை மையமும் வருகிறது. வகுப்பில் சொல்லிக் கேட்கும்போது கணமையமா கனமையமா என்று குழம்புவார்கள். போதாததற்குக் கணிதத்தில் கணம் என்றால் செட்.

> நொடிமையம். 'கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை' என்று தொல்காப்பியம் அளந்தே வைத்திருக்கிறது.

அங்கே நொடி என்பது கைநொடி, விரலைச் சொடுக்கும் நேரம். இன்றைக்கு அது செகண்ட். நொடிக்கொரு முறை மாறும் மையம் என்று மாணவர் எடுத்துக்கொள்வார். இதுவோ காரின் பின்பக்கம் எழ எழ நகர்ந்துகொண்டே இருப்பது. அதே நூற்பாவில் நொடிக்கு முன்னால் இமை நிற்கிறதே! இமைப்புள்ளி என்று வைத்தால் என்ன?

மையம் என்பதிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. இது எதற்கும் நடு இல்லை. ஏணித்தண்டில் முன்முனை போல்ட்டே அந்தப் புள்ளி, கையால் தொடலாம். நான்கு தண்டிலோ மேல்தண்டையும் கீழ்த்தண்டையும் பக்கவாட்டுப் படத்தில் முன்னே நீட்டினால் கோடுகள் வெட்டும் இடம் அது. அங்கே போல்ட் எதுவும் இராது. தண்டுகளை வேறு துளைகளில் மாட்டினால் புள்ளி நகரும். ஏணித்தண்டு எளிது, நான்கு தண்டில் திருத்த இடம் அதிகம் என்று சொல்வதே இதனால்தான்.

பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து, முன் அச்சுக்கு நேர்மேலே எடை மையத்தின் உயரம் வரை ஒரு கோடு போடுங்கள். புள்ளி கோட்டுக்கு மேலே இருந்தால் புறப்படும்போது பின்பக்கம் எழும். கீழே இருந்தால் குந்தும்.

> டாப் ஃபியூயல் காருக்குப் பின் சஸ்பென்ஷனே கிடையாது. இத்தனை பாடு எதற்கு?

உண்மைதான், டிராக் ரேஸின் மிக வேகமான அந்த வகைக் காரில் அச்சைச் சட்டகத்தோடு இறுகப் பூட்டிவிடுகிறார்கள். ஆனால் ஏணித்தண்டா நான்கு தண்டா என்று தேர்ந்தெடுக்க வேண்டியவருக்கு இந்தச் சொல் இல்லாமல் ஒரு வரிகூட நகராது.

> இன்ஸ்டன்ட் சென்டர் என்றே எழுதுங்கள். பட்டறையில் அப்படித்தான்.

முதலில் வரும் இடத்தில் அதையும் சேர்த்தே எழுதுவேன்.

இதுவரை நால்வர் நொடிமையம், இருவர் இமைப்புள்ளி. சரி, நாளைய பாடத்தில் நொடிமையம் என்றே போடுகிறேன். என் மறுப்பும் இங்கே இருக்கட்டும். குறைந்தது 'நொடிப்புள்ளி'க்காவது ஒப்புவீர்களா? காலைக்குள் எழுதினால் மாற்றிவிடலாம்.

அன்புடன்